போகியன்று எறிந்த செருப்பு

14 ஜனவரி, ஞாயிறு. போகி.

வெறும் வயிற்றில் 218.

தினமும் சர்க்கரை அளவை எழுதி வைக்கவேண்டும் என்று டாக்டர் உத்தரவு. இருபத்தாறு வருஷமாகப் பெரியகுளத்தில் வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் ரீடிங் எழுதுகிறவன் நான். இப்போது என்னையே ஒரு மீட்டராக்கிவிட்டார்கள். ஒரு எண்ணை எழுதிவிட்டு மிச்சப் பக்கத்தைச் சும்மா விடுவானேன் என்று மற்றதையும் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரி பாக்கியம் காலையிலேயே சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு வீட்டைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். கிழிந்த பாய், ஓட்டை வாளி, கால் உடைந்த ஸ்டூல் எல்லாம் தெருமுனைக் குப்பைக்குப் போயின. கடைசியில் வாசலுக்கு வந்து என் செருப்பை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கினாள்.

"அத வையி," என்றேன்.

"பதினோரு வருசமாச்சு. இது வாசல்ல கெடந்தா மகாலச்சுமி எப்படி உள்ள வருவா?"

"அவ என் செருப்ப மாட்டிக்கிட்டா வரப்போறா?"

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. டாக்டர் என்ன சொன்னாரு? கால்ல உணர்ச்சி கொறஞ்சுபோச்சு, மெத்துச் செருப்புத்தான் போடணும்னு சொன்னாரா இல்லையா? வாங்கி வச்சு ஒரு மாசமாச்சு. இன்னையிலருந்து அதத்தான் போடுறீங்க."

அவளே கொண்டுபோய் எறிந்தாள். நானும் நல்ல பிள்ளையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பால் வாங்கி வருகிறேன் என்று ஸ்கூட்டரை எடுத்தேன். குப்பையில் பாய்க்கு அடியில் கிடந்தன இரண்டும். எடுத்து டிக்கியில் மழைக்கோட்டுக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு களவு.

என்ன செய்வது? என் பாதம் அகலம். கடைச் செருப்பு எதுவும் என் காலுக்குச் சேராது. ஒன்று கடிக்கும், இல்லையென்றால் கழன்று ஓடும். இது ஒன்றுதான் என் காலை ஏற்றுக்கொண்டது. டயர் அடி, தடித்த தோல், பெருவிரலுக்குத் தனி வார். உள்ளே ஐந்து விரலும் குதிகாலும் அப்படியே பதிந்திருக்கும். இடது செருப்பின் ஓரத்தில் நான்கு பல் தடம் உண்டு. பேங்க் மேனேஜர் வீட்டு நாய் பாய்ந்தபோது என் காலுக்காகக் கடி வாங்கியது அது. அதைக் குப்பையில் விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை.

17 ஜனவரி, புதன்

205. வீட்டிலிருந்து கிளம்பும்போது டாக்டர் சொன்ன நீல மெத்துச் செருப்பு. தண்ணீர்த்தொட்டி முக்கு திரும்பியதும் டிக்கியைத் திறந்து பழசு. சாயங்காலம் வரும்போது அதே முக்கில் மறுபடி நீலம். குடிகாரன் பாக்குப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிற கதைதான்.

பாக்கியத்துக்குப் பரம சந்தோஷம். "எப்படி இருக்கு? மெத்துன்னு இருக்குல்ல?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

6 பிப்ரவரி, செவ்வாய்

231. அவள் சோறு வைக்கமாட்டேன் என்கிறாள். ஆபீஸில் டீக்கு இரண்டு வடை தின்றேன்.

13 பிப்ரவரி, செவ்வாய்

இடது செருப்பில் பெருவிரல் வார் பிய்ந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு வாசலில் காசியிடம் கொடுத்தேன். பத்து வருஷப் பழக்கம். இந்தச் செருப்புக்கு மூன்று தடவை அடி மாற்றியவன் அவன்தான்.

திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தையல் நிக்காதுண்ணே, தோலு நைஞ்சுபோச்சு. வெட்டி எறிஞ்சிருங்க, புதுசு நானே பாத்துத் தாரேன்."

"ஒன் வேலையப் பாருடா."

"அப்ப ஆணி அடிச்சுத்தான் தரணும். அடி தேயத் தேய ஆணி மேல ஏறும், சொல்லிப்புட்டேன். வாரத்துக்கு ஒருக்கா உள்ள விரல விட்டுத் தடவிப் பாத்துக்கங்க."

"குத்துனா காலுக்குத் தெரியாமலா போகும்?" என்றேன். அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன்.

10 மார்ச், ஞாயிறு

மச்சினி செல்லத்தாயின் பேரனுக்குக் காதுகுத்து. மலையடிவாரக் கோயில். உச்சி வெயில். பிரகாரத்துக் கல்லில் கால் வைக்க முடியவில்லை என்று ஒவ்வொருத்தரும் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடுகிறார்கள். சகலை ஒரு துண்டை விரித்து அதன்மேல் நின்றுகொண்டு கத்துகிறார். நான் ஆற அமரச் சுற்றிவந்தேன். மூன்று சுற்று.

"அண்ணே, காலா அது, இரும்பா?" என்றார் சகலை.

"நடந்து நடந்து உரம் ஏறுன காலு. ஒங்கள மாதிரி கல்லாவுல ஒக்காந்த காலா?" என்றேன். எல்லோருக்கும் ஆச்சரியம். செல்லத்தாய் மட்டும் அம்மன் அருள் என்று கும்பிட்டாள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ராத்திரி உள்ளங்காலில் இரண்டு கொப்புளம் இருந்ததாகப் பாக்கியம் சொன்னாள். எண்ணெய் தடவிவிட்டாள்.

22 மார்ச், வெள்ளி

244. நாளைக்கு எங்கள் ஆபீஸ் உதவி இன்ஜினியர் ஓய்வு பெறுகிறார். மண்டபத்தில் விழா. தரையில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து போட்டோ எடுப்பார்கள். என் கால் நகம் கழுகு நகம்போல வளர்ந்து கிடக்கிறது. எனக்குக் குனிய முடியாது, தொப்பை தடுக்கும். எப்போதும் பாக்கியம்தான் வெட்டிவிடுவாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கெழம. அதுவும் வெளக்கு வைக்கிற நேரம். நகத்துல கத்தி வச்சா வீட்டுக்கு ஆகாது. காலையில வெட்டுறேன்."

"காலையில ஏழு மணிக்கு நான் கெளம்பணும். ஒன் சாத்திரமெல்லாம் என்கிட்ட வேணாம்."

ஒரு பாட்டம் சண்டை. கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கெட்டி நகம். இடது பெருவிரல் ஓரத்தில் லேசாகப் பட்டு ஒரு சொட்டு ரத்தம். "அய்யய்யோ!" என்று அவள்தான் பதறினாள். மஞ்சளை வைத்து அழுத்தினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

25 மார்ச், திங்கள்

வெட்டிய இடம் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டது. அதற்குப் போய் அவ்வளவு ஆர்ப்பாட்டம்.

28 மார்ச், வியாழன்

சங்கரவடிவு டீச்சர் வீட்டில் மீட்டர் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய் எழுதிக்கொண்டு திரும்புகிறேன். டீச்சர் நடுக்கூடத்தில் நின்றுகொண்டு தரையையே பார்க்கிறார்.

"சார், அப்படியே நில்லுங்க. உங்க கால்ல ரத்தம்."

வெள்ளை டைல்ஸ். வாசலிலிருந்து மாடிப்படி வரை இடது கால் வைத்த இடத்திலெல்லாம் பெருவிரல் அளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டு. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. துணி கொடுங்கள், துடைத்துவிடுகிறேன் என்றேன். அவர் விடவில்லை. பஞ்சும் டெட்டாலும் கொண்டுவந்து கொடுத்தார்.

"கண்ணாடி எதுவும் மிதிச்சீங்களா?"

"ஆமா டீச்சர், அப்படித்தான் இருக்கும்."

வெளியே வந்து செருப்பைப் பார்த்தேன். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. ஒரு கல்லை எடுத்து இரண்டு தட்டுத் தட்டி மாட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனேன். இன்னும் நாற்பது வீடு பாக்கி இருந்தது.

1 ஏப்ரல், திங்கள்

பாக்கியம் மோப்பம் பிடித்துவிட்டாள். "என்னமோ வாடை அடிக்குதே," என்று காலைத் தூக்கிப் பார்த்தவள் அப்படியே இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விட்டாள். நீலச் செருப்பில்தான் போனேன்.

பெருவிரலுக்கு அடியில் குழி. டாக்டர் கம்பி மாதிரி ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தார். அது போய்க்கொண்டே இருந்தது. எனக்கு வலியே இல்லை. அதைச் சொன்னதும் அவர் முகம் இன்னும் மோசமாகிவிட்டது.

"எதுல குத்துச்சு? ஆணியா, முள்ளா? செருப்பு எப்படிப்பட்டது?"

பாக்கியம் முந்திக்கொண்டாள். "நீங்க சொன்ன செருப்புத்தான் டாக்டர். மூணு மாசமா அதத்தான் போடுறாரு. நான்தான் காவல்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதாவது சொல்லியாகவேண்டும்.

"போன வாரம் நகம் வெட்டுறப்போ பட்டுச்சு," என்றேன்.

"யாரு வெட்டுனது?"

பாக்கியம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சுகர் உள்ளவர்களுக்கு நகம் வெட்டுவதில் எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் என்று டாக்டர் அவளுக்குப் பத்து நிமிஷம் பாடம் நடத்தினார்.

வீட்டு வாசலில் இறங்கியதும், "வெள்ளிக்கெழமன்னு தெரிஞ்சும் வெட்டுனேன் பாருங்க," என்றாள்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

4 ஏப்ரல், வியாழன்

262. லீவு போடச் சொன்னார் டாக்டர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிற ரீடிங்கை யார் வந்து எடுப்பார்கள்? போனேன். கட்டுப் போட்ட கால் நீலச் செருப்பில் பாதிதான் நுழைந்தது. முக்கில் மாட்டிய பழசில்தான் முழுசாக நுழைந்தது.

9 ஏப்ரல், செவ்வாய்

பாக்கியம் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்த்திக்கடனாம். மகள் கோமதி திருப்பூரிலிருந்து போனில் அவளைத் திட்டினாள். "ஒனக்குக் கண்ணு சரியாத் தெரியலன்னா வெட்டாம இருக்கவேண்டியதுதானம்மா?" பாக்கியம் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், எனக்கும் கேட்டது. நான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.

13 ஏப்ரல், சனி

விரல் கறுத்துவிட்டது.

15 ஏப்ரல், திங்கள்

நாளைக்குத் தேனிப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் சேரவேண்டும். ஸ்கூட்டரை மச்சினன் எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறான். டிக்கியைத் திறப்பான்.

காலையில் மருந்துக் கடைக்கு என்று சொல்லிவிட்டு நான்கு தெரு தள்ளிப் போனேன். நகராட்சி குப்பை வண்டி நின்றது. பச்சைச் சட்டை போட்ட ஒரு அம்மா. செருப்பை நீட்டினேன். வாங்கித் தட்டிப் பார்த்தாள்.

"நல்ல தோலாத்தான சார் இருக்கு. ரெண்டு தையல் போட்டா எங்க வீட்டுக்காரரு போட்டுக்கிருவாரு. அவருக்கும் பாதம் அகலம்."

எனக்குச் சுரீரென்றது. "வேணாம்மா, குடு," என்று பிடுங்கிக்கொண்டேன். அவளுக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. இந்த ஆளுக்கு என்ன கிறுக்கா என்று நினைத்திருப்பாள்.

பக்கத்து டீக்கடையில் பால் பாக்கெட் வெட்டுகிற கத்தியை வாங்கி அங்கேயே திட்டில் உட்கார்ந்தேன். முதலில் குதிகால் வார். பிறகு நடுவார். பெருவிரல் வாரை அறுக்கத்தான் நேரமாயிற்று. நாய்ப்பல் தடம் இருந்த தோலை ஒரு தடவை தடவிப் பார்த்தேன். பதினோரு வருஷம். வெயில், மழை, சாக்கடை, விரட்டி வந்த நாய்கள், பூட்டிய வீடுகள். என் கல்யாணத்துக்கு எடுத்த வேட்டிகூட என்னோடு இவ்வளவு நாள் இல்லை. "போயிட்டு வா," என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. எதற்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இனி எவனும் அதைப் போட முடியாது. குப்பை வண்டியில் நானே எறிந்தேன்.

20 ஏப்ரல், சனி

பெருவிரலை எடுத்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரர், "விரலோட போச்சேன்னு சந்தோசப்படுங்க," என்றார். அவருக்கு இரண்டு காலும் இல்லை.

27 ஏப்ரல், சனி

பாதம் வீங்கியிருக்கிறது. பாக்கியம் கட்டிலுக்குக் கீழே தரையில்தான் படுக்கிறாள். ஐந்து கிலோ இறங்கியிருப்பாள். "டாக்டர், எங் கால வெட்டி இவருக்கு வைக்க முடியுமா?" என்று சின்னப் பெண் போலக் கேட்டாள். அந்த டாக்டர் பையன் கேஸ் ஷீட்டைப் புரட்டினான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

5 மே, ஞாயிறு

இடது கால். முழங்காலுக்குக் கீழே.

19 மே, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. இல்லாத பாதத்தில் பெருவிரல் வலிக்கிறது. இருந்தபோது ஒரு நாளும் வலிக்காதது.

பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் பாக்கியம் காப்பி கொடுக்கிறாள். கூடவே கதையும். "வெள்ளிக்கெழம, வெளக்கு வைக்கிற நேரம், இந்தக் கையாலதான்," என்று வலது கையை நீட்டிக் காட்டுகிறாள். சிலர் அவளைத் தேற்றுகிறார்கள். சிலர் "அடப் பாவமே" என்று என்னைப் பார்க்கிறார்கள். செல்லத்தாயின் மாமியார் மட்டும், "அந்த நேரத்துல எந்தப் பொம்பளயாவது நகத்துல கைய வைப்பாளா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள். பாக்கியம் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டாள்.

எனக்குப் போர்வைக்குள் வியர்த்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

2 ஜூன், ஞாயிறு

இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். எனக்கு நானே எழுதியதில்கூட எவ்வளவு மழுப்பல்!

டீச்சர் வீட்டு வாசலில் செருப்பைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். இருந்தது. பெருவிரல் வார் இருக்கும் இடத்தில் ஆணி அரிசி நீளத்துக்கு மேலே வந்து நின்றது. அதன் முனையில் ரத்தம் காய்ந்திருந்தது. எத்தனை நாளாகக் குத்திக்கொண்டிருந்ததோ. அதைத்தான் கல்லால் தட்டினேன். தட்டிவிட்டு மறுபடி அதையே மாட்டினேன். அதற்கப்புறமும் பத்துப் பதினைந்து நாள். மறுபடி ஏறியிருக்கும், நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

டாக்டர் கேட்டபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பாக்கியம் திட்டியிருப்பாள். மிஞ்சி மிஞ்சிப் போனால் இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாள். அந்த ஏச்சுக்குப் பயந்து அவள் தலையில் தூக்கிப் போட்டுவிட்டேன். நான் ஒரு கோழை. கோழைகூட இல்லை, அதைவிடக் கேவலம்.

அவள் நகம் வெட்டும்போது பட்டது மூன்றே நாளில் ஆறிவிட்டது.

சொல்லிவிடவேண்டும்.

8 ஜூன், சனி

இன்றைக்கும் சொல்லவில்லை. அவள் தலைக்குக் குளித்து ஈரத்தோடு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

9 ஜூன், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் உட்காரச் சொன்னேன். "பாக்கியம், என் கால் போனதுக்கு நீ காரணம் இல்ல. அந்தப் பழைய செருப்புதான். உள்ள ஆணி குத்தியிருக்கு. எனக்குத் தெரியும். தெரிஞ்சே ஒன்கிட்ட மறச்சேன்."

அவள் என்னையே பார்த்தாள். "எந்தச் செருப்பு?"

"தோல் செருப்பு. டயர் அடி போட்டது."

"அதத்தான் போகியன்னைக்கே தூக்கி எறிஞ்சேனே. மறுநா குப்பை வண்டிக்காரன் அள்ளிட்டுப் போனத எங் கண்ணால பாத்தேன்."

"நான் அன்னைக்கே எடுத்துட்டேன். வண்டி டிக்கில வச்சிருந்தேன். தண்ணித்தொட்டி முக்குல தினமும் மாத்திக்கிருவேன்."

"சரி, எங்க அது? காட்டுங்க."

"வெட்டிக் குப்பையில போட்டுட்டேன்."

எனக்கே கேட்க எப்படியோ இருந்தது. காசிக்குப் போன் போட்டேன். ஆணி அடித்ததைச் சொல்லுடா என்று அவளிடம் கொடுத்தேன். "ஆமாக்கா, நான்தான் அடிச்சேன். பெருவெரலு வாருக்கு ரெண்டு ஆணி," என்று அவனும் உள்ளதை உள்ளபடிதான் சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டு, "சரிப்பா," என்று வைத்துவிட்டாள்.

"அவருகிட்டயும் சொல்லி வச்சிட்டீங்களாக்கும்," என்றாள்.

"அடியே, சத்தியமாச் சொல்றேன். ஒன் தலையில அடிச்சு..."

கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "போதும்ங்க. பொய் சத்தியம் வேணாம். இருக்குற காலுக்கும் ஆகாது. டாக்டர்கிட்ட அன்னைக்கு ஒங்க வாயாலதான் உண்மைய சொன்னீங்க. அது எனக்குப் போதும்."

எழுந்துபோய்த் தட்டைக் கழுவினாள்.

நோட்டை எடுத்துக் காட்டினேன். "நேத்து ராத்திரி எழுதுனதா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக்கூடப் பார்க்காமல் என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

10 ஜூன், திங்கள்

171.

அடுப்படியில் அவள் செல்லத்தாயோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"...நேத்து என்ன சொன்னாரு தெரியுமாடி? எம்மேல பழி வந்துரக்கூடாதுன்னு, இல்லாத செருப்பு மேல பழியப் போடுறாரு. ஆணியாம். டிக்கியாம். ஆள வேற செட்டப் பண்ணி போன்ல பேச வச்சாருடி. என்ன மனுசன்! ஒரு வார்த்த என்னய நொந்து பேசல. ரெண்டு மாசமா ஒரு வார்த்த. இப்பேர்ப்பட்ட மனுசன் காலப்போயி நான்..."

ஸ்பீக்கரில் செல்லத்தாய் அழுவது எனக்குக் கேட்டது.

வலது காலில் நகம் வளர்ந்திருக்கிறது. வெட்டிவிடு என்று கேட்டேன். நாளைக்கு நர்ஸ் ஒருத்தி வருவாளாம், ஏற்பாடு செய்துவிட்டாளாம். இனி உயிர் உள்ளவரை என் காலில் கை வைப்பதில்லை என்று சாமி படத்துக்கு முன்னால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறாள்.